அம்மாவின் தட்டுக்கு ஒரு வழிகாட்டி: தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு நெறிமுறைகளை எட்டு மாதம் பின்பற்றிய அனுபவம்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிமுறைகளைத் திருத்தி வெளியிட்டது. அந்நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் அந்த நூலை, புதுவண்ணாரப்பேட்டையில் எங்களோடு வாழும் 72 வயது அம்மாவுக்காக எட்டு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டில் முதியவரை வைத்துக்கொண்டு, நாள்தோறும் கைப்பேசியில் வந்து விழும் உணவுக் குறிப்புகளில் எதை எடுப்பது, எதை விடுப்பது என்று திகைப்பவர்களுக்கு இந்த மதிப்புரை உதவும் என்று நம்புகிறேன். நூல் எங்கே கைகொடுத்தது, எங்கே அதை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது என்ற இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

நான் இந்நூலைத் தேடிப் போனதற்கு ஒரு பொட்டலம் உப்பு காரணம். அம்மாவுக்கு 14 ஆண்டுகளாக நீரிழிவு. இரத்த அழுத்தத்துக்கு "சார்டன்" என்று முடியும் பெயருள்ள மாத்திரையும் எடுக்கிறார். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருப்பதாக முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார்கள். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு காணொளியில், சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் குறைந்த உப்பைப் பயன்படுத்தினால் இரத்த அழுத்தம் இறங்கும் என்று ஒருவர் தெளிவாகவும் பொறுமையாகவும் விளக்கியிருந்தார். மறுநாளே வாங்கி வந்தேன். ஐந்தாவது வாரத்தில் அம்மா மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கால்களில் வலுவே இல்லை என்றார். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 என்று வந்தது. வழக்கமாக அது 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டும். முடிவைப் பார்த்ததும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் உப்பை மாற்றினீர்களா?" என்பதுதான். அந்த உப்பில் சோடியத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள் என்பதையும், தளர்ந்த சிறுநீரகத்தால் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது என்பதையும், அம்மா எடுக்கும் மாத்திரையே பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் தன்மை கொண்டது என்பதையும், அளவு மேலும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அந்தக் காணொளியில் ஒரு பொய்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் வெளியிட்ட பரிந்துரையில், சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதில் சிக்கல் உள்ளவர்களுக்கும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இப்பரிந்துரை பொருந்தாது என்று அதே மூச்சில் சொல்கிறது. காணொளி முதல் பாதியைச் சொல்லி, இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. அன்று முதல் முதியோர் நலம் பற்றிய எந்தத் தகவலையும் ஒரே கேள்வியைக் கொண்டுதான் அளக்கிறேன்: இது யாருக்குக் கூடாது என்று சொல்லியிருக்கிறதா? எல்லாருக்கும் நல்லது என்று சொல்லும் குறிப்பை, அது எவ்வளவு படித்தவர் வாயிலிருந்து வந்தாலும், அம்மாவின் தட்டுக்கு அருகே விடுவதில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் நூல் இந்தச் சோதனையில் தேறியது. அந்நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் முயற்சியில், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயும் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. அதற்கு விற்பதற்குச் சத்துமாவும் இல்லை, புரதப் பொடி டின்னும் இல்லை. நம் நாட்டுச் சந்தைகளில் வாங்கிய 528 உணவுப் பொருள்களைச் சோதனைச்சாலையில் பகுத்துப் பார்த்து 2017இல் அட்டவணையாக வெளியிட்டதும் அந்நிறுவனம்தான். கேழ்வரகைப் பற்றியும் முருங்கைக்கீரையைப் பற்றியும் எண்களோடு பேசும்போது, அவை வேறொரு நாட்டுக் கடையில் வாங்கிய காய்கறியின் எண்கள் அல்ல என்ற உறுதி படிப்பவருக்குக் கிடைக்கிறது. யார் எழுதியது, எப்போது எழுதியது, முந்தைய பதிப்பு எது என்ற கேள்விகளுக்கும் வெளிப்படையான பதில் இருக்கிறது: இதற்கு முன் 2011இல் வந்ததை, நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் மருத்துவர் ஆர். ஹேமலதா தலைமையிலான வல்லுநர் குழு திருத்தியிருக்கிறது.

மொத்தம் 17 நெறிமுறைகள். கர்ப்பிணி, கைக்குழந்தை, வளரும் பிள்ளை என்று செல்லும் வரிசையில் முதியோருக்கென்றே ஒரு தனி நெறிமுறை உண்டு. நாங்கள் முதலில் படித்தது அதைத்தான். அதன் சாரம் இது: வயது ஏற ஏற உடலுக்குத் தேவையான ஆற்றல் குறைகிறது, ஆனால் புரதம், கால்சியம், வைட்டமின்கள் ஆகியவற்றின் தேவை அதற்கு ஏற்ப குறைந்துவிடுவதில்லை. ஆகவே அளவில் சிறியதாகவும் சத்தில் அடர்த்தியாகவும் முதியவரின் தட்டு இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகுதான் அம்மாவின் இரவு உணவை உற்றுப் பார்த்தேன். பசிக்கவில்லை என்று சொல்லி இரண்டு கரண்டி இரசம் சாதமும் ஒரு அப்பளமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். குறைவாகச் சாப்பிடுகிறார், வயதானால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டிருந்தோம். அளவு குறைந்ததில் பிழையில்லை. அந்தக் குறைந்த அளவு முழுவதையும் அரிசியே அடைத்துக்கொண்டதுதான் பிழை. ஒரு நாளின் ஆற்றலில் தானியங்களிலிருந்து வருவது 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது நூல். எங்கள் வீட்டில், இதுவரை நான் பார்த்த வடசென்னை வீடுகள் பலவற்றிலும், அந்த எல்லை மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

தேநீரைப் பற்றிய பகுதி எங்களுக்கு உடனே பயன்பட்டது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீர், காப்பி வேண்டாம் என்கிறது நூல். அவற்றிலுள்ள டானின், உணவிலிருந்து இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது என்று காரணத்தையும் சொல்கிறது. அம்மாவுக்கு இரத்தசோகை இருக்கிறது என்று கீரையும் பேரீச்சையும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த நாங்களேதான், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு தம்ளர் தேநீரையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது தேநீர் நான்கு மணிக்கு. செலவு எதுவும் இல்லாத மாற்றம் இது. அம்மாவும் இரண்டு நாள் முணுமுணுத்ததோடு சரி.

பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கக் கற்றுத்தரும் கடைசி நெறிமுறையைத்தான் இந்நூலின் மிகச் சிறந்த பகுதியாக நான் கருதுகிறேன். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, என்பதுதான் மேல்வரம்பு. ஆனால் பொட்டலங்கள் உப்பை உப்பு என்று சொல்வதில்லை; சோடியம் இத்தனை மில்லிகிராம் என்றுதான் சொல்கின்றன. உப்பின் எடையில் சுமார் 40 விழுக்காடு சோடியம் என்பதால், அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு; ஒரு நாள் பங்கில் ஐந்தில் இரண்டு பங்கு. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சமையலறை அலமாரியைத் திறந்தால், சமையலில் போடும் உப்பைவிட ஊறுகாய், அப்பளம், பொடி வகைகள், மாலையில் கொறிக்கும் மிக்சர் ஆகியவற்றின் வழியாக வருவது கூடுதல் என்று தெரிந்தது. கருவாட்டுக்கு லேபிளே கிடையாது. காசிமேட்டிலிருந்து வரும் நெத்திலிக் கருவாடு அம்மாவின் உயிர். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இதே இடத்தில் இந்துப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இயற்கையானது, ஆகவே அழுத்தத்தைக் கூட்டாது என்று எங்கள் தெருவில் பலர் அதற்கு மாறியிருக்கிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்; அதையும் அதே தேக்கரண்டிக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

இனி நூல் நின்றுவிடும் இடங்கள். இதிலுள்ள அளவுகள் பொதுவான உடல்நலம் உள்ளவர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, ஒருவர் தம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் உண்ண வேண்டும். 55 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். இதை நான் கணக்கிட்டு, முட்டையும் பருப்பும் மீனுமாக ஒரு பட்டியலை எழுதிக்கொண்டு போனபோது, மருத்துவர் அதில் சிலவற்றைக் குறைத்தார். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் புரதத்தின் அளவை இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அதே வயதில் நல்ல சிறுநீரகத்தோடு இருக்கும் எதிர்வீட்டுப் பெரியவருக்கோ புரதம் குறைவதுதான் ஆபத்து. தசை மெலிந்து, கீழே விழுந்து, எலும்பு முறிவதில் போய் முடியும். ஒரே தெரு, ஒரே வயது, நேர் எதிரான அறிவுரை. இந்நூல் முதலாமவரை மருத்துவரிடம் அனுப்புகிறது. இரண்டாமவருக்கு நேரடியாக உதவுகிறது. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஆனால் நீரிழிவு, அழுத்தம், சிறுநீரகம் மூன்றும் ஒன்றாக உள்ளவர்கள் இதை மட்டும் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போகக் கூடாது.

கேழ்வரகு இன்னொரு எடுத்துக்காட்டு. 2017 அட்டவணையின்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தானியங்களில் இது மிக உயர்ந்த அளவு. அதனாலேயே முதியோருக்குக் கேழ்வரகு நல்லது என்பது முழு உண்மை. ஆனால் அதே 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 67 கிராம். தீட்டிய அரிசியில் சுமார் 78. கேழ்வரகில் சர்க்கரையே இல்லை என்று நம்பி, காலையில் பெரிய கிண்ணம் நிறையக் கூழ் குடிக்கும் நீரிழிவு நோயாளிகள் எங்கள் உறவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். அட்டவணையைத் திறந்து அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துக் காட்டிய பிறகு, அவர்களில் இருவர் கிண்ணத்தைச் சிறிதாக்கினார்கள்.

நடைமுறையில் எனக்கு இருந்த சிரமங்கள் இரண்டு. நான் பதிவிறக்கிய பிரதி ஆங்கிலத்தில் இருந்ததால், அம்மா தாமாகப் படிக்க முடியவில்லை. தேவையான பக்கங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள நகலகத்தில் படி எடுத்து, குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். இரண்டாவது, கிராம் கணக்கு. காய்கறியைச் சமைக்காத நிலையில் எடைபோட்டுச் சொல்லும் அளவு, கரண்டியால் பரிமாறும் வீட்டுக்கு உதவாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவிட்டு, எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் எத்தனை கிராம் அவரைக்காய்ப் பொரியல் பிடிக்கிறது, அம்மாவின் தம்ளரில் எத்தனை மில்லி பால் பிடிக்கிறது என்று அளந்து எழுதி வைத்தேன். முதியோருக்கு நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லி வரை கொழுப்பு குறைந்த பால் அல்லது அதற்கு ஈடான தயிர், மோர் என்று நூல் சொல்வது அம்மாவின் தம்ளரில் ஒன்றரை முதல் மூன்று வரை என்று தெரிந்ததும் குழப்பம் நீங்கியது. அம்மாவுக்கு எவ்வளவு என்பதை அந்த வரம்புக்குள் மருத்துவர் குறித்துத் தந்தார். இந்த வேலையைச் செய்யாமல் நூலை மட்டும் படித்தால் பயன் பாதிதான்.

இவ்வளவு உழைப்பதற்குப் பதிலாக ஒரு உணவு ஆலோசகரிடம் பணம் கட்டிவிட்டு வந்துவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தோம். ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டணம் செலுத்தி ஆலோசனை பெற்றபோது, ஏற்கெனவே அச்சிட்டு வைத்திருந்த ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். ஓட்ஸ், பிரக்கோலி, ஆலிவ் எண்ணெய், பாதாம் பால் என்று நீண்ட அந்தப் பட்டியலில், தண்டையார்பேட்டை சந்தையில் அம்மா வாங்கும் எதுவுமே இல்லை. அம்மாவின் மாத்திரைகளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதுதான் இன்றும் எனக்கு ஆறாத வருத்தம். மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் 70 வயதுக்காரருக்கு உணவுப் பட்டியல் எழுதவே முடியாது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை ஒரு நாள் மிகுதியாகவும் மறுநாள் அறவே இல்லாமலும் உண்டால் மருந்தின் வேலை தடுமாறும். அம்மா எடுக்கும் வகை மாத்திரையோடு தினமும் இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறும்.

உறவினர் ஒருவர் அன்போடு வாங்கி வந்த, முதியோருக்கானது என்று அட்டையில் எழுதியிருந்த புரதப் பொடி டின்னிலும் யாருக்குக் கூடாது என்ற கேள்விக்கு இடமில்லை. ஒரு வேளைக்கு 8 கிராம் புரதம் என்று பின்பக்கம் இருந்தது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது என்பதையும், பொடியின் பொருள்பட்டியலில் சர்க்கரை இரண்டாவதாக இருந்ததையும் பார்த்துவிட்டு, டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நூல் நின்றுவிடும் இடத்தில் எங்களுக்குத் துணை நின்றவற்றையும் சொல்ல வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் பெண்ணிடம் ஐயத்தைச் சொன்னால், எந்த நாளில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுவார். அரசின் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். முதியோருக்கான உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. நேரில் விரிவாகக் கேட்க வேண்டுமானால், சென்னை அரசு பொது மருத்துவமனையின் முதியோர் மருத்துவத் துறைக்குப் போகலாம். மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978இல் அங்கே தொடங்கிய பிரிவுதான் இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு முன்னோடி. கிண்டியில் கிங் நிறுவன வளாகத்தில் 200 படுக்கைகளோடு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையமும் இருக்கிறது. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை போகும் ஒரே மெட்ரோ தடத்தில், பொது மருத்துவமனைக்கு அருகிலுள்ள சென்ட்ரலும் கிண்டியும் வந்துவிடுவதால், வடசென்னை முதியவர் பேருந்து மாறி அலைய வேண்டியதில்லை. போகும்போது மூன்றைக் கையில் வைத்திருங்கள்: மாத்திரை அட்டைகள் அனைத்தும், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு, மூன்று நாள்கள் உண்மையில் என்ன சாப்பிட்டார் என்று எழுதிய ஒரு தாள். அந்தத் தாளை எழுதும்போது மிக்சரையும் தேநீரையும் மறைக்க வேண்டாம்.

பெரிய நோய் எதுவும் இல்லாத முதியவர் உள்ள வீட்டில் இந்நூலை இன்றே பதிவிறக்கி, முதியோர் பகுதியையும் உப்பு, லேபிள் பற்றிய பகுதிகளையும் மட்டும் முதலில் படித்தால் போதும். நோய் உள்ள வீட்டில், மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பதற்கான பாடநூலாக இதை வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் பொட்டாசியம் கடந்த மூன்று பரிசோதனைகளிலும் 5க்குள் நிற்கிறது. இரவுச் சாப்பாட்டில் அப்பளத்தின் இடத்துக்கு, மருத்துவர் அனுமதித்த அளவில், முட்டையின் வெள்ளைக்கரு வந்திருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, கோடைக்குத் தினமும் இளநீர் குடிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மொதல்ல நீ என்னென்ன மாத்திரை போடுறேன்னு எடுத்துக்கினு வா" என்றார்.